ஷீலாவின் தண்ணீர் பாட்டில்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி கிளம்பி சாத்தம் துறையில் கரை சேர்வதற்குள் ஷீலா நாலைந்து பேரையாவது கொன்றுபோட்டு விடுவாள். பதற வேண்டாம், சிரிக்க வைத்துத்தான். டெலானிபூரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை அவளுக்கு. கோப்பு தள்ளுவதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஆட்களைப் போலவே பேசி, நடந்து, இருமிக் காட்டும் வேலையை ஃபெர்ரியில் இலவசமாகப் பார்த்தாள்.

அவள் காண்ட்ராக்டர் பன்னீர்செல்வத்தைச் செய்து காட்டினால் நீங்கள் பார்க்க வேண்டும். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "ஹாங் ஜி, ஹாங் ஜி! சிமென்ட் கப்பல்ல வந்துட்டே இருக்கு ஜி! பஸ், கல் சுபஹ், நாளைக் காலைல!" என்று பாதி இந்தியிலும் பாதி மதுரையிலும் புளுகுவாள். அந்தக் கப்பல் பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது என்பது ஃபெர்ரிக்கே தெரியும். பெங்காலி அம்மாமார், தெலுங்குக்காரர்கள், மலையாளி டீச்சர் என்று தமிழ் புரியாதவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எல்லாருக்கும் மேலே ஷீலாவின் சிரிப்பு கேட்கும். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

இதனால் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. யாராவது ஓய்வு பெற்றால், அல்லது மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போனால், அவர்களுடைய கடைசிக் காலைப் பயணத்தில் ஷீலா அவர்களையே அவர்கள் முன்னால் நடித்துக் காட்ட வேண்டும். அலுவலகத்தில் சால்வை போடுவார்கள், சமோசா கொடுப்பார்கள், அது வேறு. ஃபெர்ரியில் ஷீலா வாயில் விழுந்து எழுந்தால்தான் அந்த ஆளுக்கு வேலை முடிந்த மாதிரி. அதற்காகவே கடைசி நாளில் பட்டுச் சேலை கட்டி வருகிறவர்கள் இருந்தார்கள்.

வினை ஒரு மழைக்காலத்தில் வந்தது. ஷீலா பன்னீர்செல்வத்தைச் செய்துகொண்டிருந்தாள். பெஞ்சு முழுக்க ஒரு மாதிரி சிரிக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால், பின்னால் பன்னீர்செல்வமே நிற்கிறார், போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு. ஷீலாவுக்கு அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அடிவயிற்றுக்குக் கீழே என்னவோ கைவிட்டுப்போனது.

சொட்டு என்று சொல்லி மழுப்பலாம், ஆனால் அது பொய். பாவாடை, சேலை எல்லாம் நனைந்துவிட்டது. பிரவீன்குமார், சங்கவி என்று இரண்டு பிள்ளைகளையும் கொழுக்கு மொழுக்கென்று பெற்றவள் அவள். பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் லேசாகக் கசிவதெல்லாம் இருந்ததுதான். அதற்காக இப்படியா, இத்தனை பேர் நடுவில்?

அவள் ஒரு நொடிதான் யோசித்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடியில் கவிழ்த்துவிட்டு, "ஐயோ, மூடி கழண்டுருச்சே!" என்று கத்தினாள். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் அடிக்கடி அவள் பாட்டிலுக்கு மூடி நிற்கவில்லை. ஃபெர்ரியில் கூட வரும் அன்னம்மாள்தான் மனம் பொறுக்காமல், லீவில் மெயின்லாண்டு போனபோது ஒரு கனத்த ஸ்டீல் பாட்டில் வாங்கிவந்து கொடுத்தாள். ரெண்டு கையாலும் பல்லைக் கடித்துத் திருகினால்தான் திறக்கும்.

"இந்தாட்டி. இனிமே ஒரு பொட்டு சிந்தாது பாத்துக்கிடு," என்றாள் அன்னம்மாள்.

ஷீலா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் குளியலறைக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அன்னம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். திருநெல்வேலிப் பேச்சு, கறாரான ஆள், எப்போதும் கருநீலம் அல்லது கரும்பச்சைச் சேலை. ஃபெர்ரியில் இருந்து கடைசியாக இறங்குகிறவள் அவள்தான். "கூட்டம் போட்டும்ட்டி, நமக்கென்ன அவசரம்" என்பாள். ஷீலா வாயும் வயிறுமாக இருந்தபோது பெஞ்சில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தவள், ஷீலாவின் அம்மா செத்தபோது வீட்டுக்கே வந்து உலை வைத்தவள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஷீலாவுக்கு அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட அவள் ஒருத்திதான்.

பாட்டில் தந்திரமும் போனபின் ஷீலா சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். ஃபெர்ரியில் ஏறியதும் ஓரமாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பாள். யாராவது ஜோக் சொன்னால் பல்லைக் கடிப்பாள், உடம்பில் கடிக்க முடிந்த மற்ற இடங்களையும் சேர்த்து இறுக்கிக்கொள்வாள். கெட்ட நேரம், அதே சமயத்தில் அவளுக்கு ப்ரமோஷன் வந்து தொலைத்தது. ஃபெர்ரி தீர்ப்பு எழுதிவிட்டது: மேடம் ஆகிட்டாங்க, இனிமே நம்மளோட சிரிப்பாங்களா?

வீட்டில் புருஷன் சந்திரசேகர் வேறு மாதிரிக் கணக்குப் போட்டான். மனைவி சிரிப்பதில்லை என்றால் தன் மேல்தான் ஏதோ கோபம் என்று முடிவுகட்டி, கேட்காமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். அந்தத் தப்பை மட்டும் ஷீலா திருத்தவில்லை.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. மின்சாரத் துறை நாகராஜ் ஓய்வு பெற்ற நாளில் ஷீலா தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்தாள். வெள்ளை வேட்டி சட்டையில் ஆசையாக வந்திருந்த மனிதர், "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு முகம் தொங்க இறங்கிப்போனார். அன்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, ஒனக்குத் தொண்டையா கட்டிருக்கு? தலைக்கனம் கட்டிருக்கு! ஜனவரி கடைசில எனக்கு ரிட்டயர்மென்ட். அடுத்த கப்பல்ல மவன் வீட்டுக்குப் போறேன். என்னைய நீ நடிச்சுக் காட்டணும். தொண்டை, தலைவலின்னு அன்னைக்கு எதாவது சொன்ன, செத்தாலும் ஒங்கூடப் பேசமாட்டேன்."

அன்னம்மாள் சொன்னால் செய்கிறவள். ஷீலாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அக்காவை நடித்துக் காட்டினால் சிரிக்காமல் இருக்க முடியாது, சிரித்தால் நாறிப்போகும். நடிக்காவிட்டால் அக்கா இல்லை.

வேறு வழியில்லாமல் பெண்கள் டாக்டரிடம் போனாள். சுற்றி வளைத்து, வயிறு ஒரு மாதிரி, இடுப்பு ஒரு மாதிரி என்று இழுத்தாள். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "சிரிச்சா, தும்மினா கசியுதா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். பரிசோதித்து, கிருமி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

பிசியோதெரபி இடம் டெலானிபூர் மேட்டில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேல் மாடி. நளினி என்று ஒரு சின்னப் பெண், சிப்பிகாட் ஊர்க்காரி, ஸ்கூட்டியில் வந்து போகிறவள். சூட்டை வைத்துச் சிகிச்சை என்று அவள் சொன்னதும் ஷீலாவுக்குக் குலை நடுங்கியது. இட்லிக் கொப்பரை மாதிரி எதன் மேலோ உட்கார வைத்து ஆவி பிடிக்கச் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"அரே ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க," என்றாள் நளினி. "கத்தி கிடையாது, ஊசி கிடையாது, உள்ள எதையும் விடப் போறதும் இல்ல. இடுப்புக்கு அடியில ஒரு தட்டு. மேல அடிவயித்துல, தொடை இடுக்குல க்ரீம் தடவி இந்த உருண்டையை ஓட்டுவேன். இதமா சூடு உள்ள இறங்கும். அவ்ளோதான். சுட்டா உடனே சொல்லிடணும், பொறுத்துக்கக் கூடாது. உள்ள காப்பர்-டி, கம்பி எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் இல்லம்மா."

"சரி, உடம்புல இருக்கிற மெட்டல் எல்லாம் கழட்டிடுங்க."

ஷீலா வளையலைக் கழற்றினாள். சங்கிலியைக் கழற்றினாள். பிறகு ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்தாள். தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று, ஜாக்கெட்டில் கொக்கி போன இடத்தில் ஒன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முந்தானையில் குத்திய ஒரு கொத்து. நளினி நீட்டிய கிண்ணம் நிறைந்துகொண்டே வந்தது. நளினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சேலை கட்டிட்டு வந்தீங்களா, தெச்சுக்கிட்டு வந்தீங்களா?"

ஷீலாவுக்குச் சிரிப்பு முட்டியது. வழக்கம்போல எல்லாவற்றையும் இறுக்கினாள். நளினி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதான் ஆன்ட்டி வியாதியே," என்று கையை மூடிக் காட்டினாள். "ரெண்டு வருஷமா இப்படி இறுக்கியே வச்சிருக்கீங்க. மூடின கையைத் திறக்கவே இல்லன்னா அந்தக் கை ஒரு பையையாச்சும் தூக்குமா? கீழ இருக்கிற தசையும் அப்படித்தான். வலுவும் போச்சு, விறைப்பும் ஆச்சு. முதல்ல சூடு குடுத்து இளக்குவோம். அப்புறம் சரியா இறுக்கவும் சரியா விடவும் பழக்குவோம். சூடு மட்டும் போதும்னு வீட்ல உக்காந்தா ஒண்ணும் நடக்காது. உழைக்கணும்."

சூடு இதமாகத்தான் இருந்தது. அவ்வளவு நாள் முறுக்கிக்கொண்டு கிடந்த இடமெல்லாம் மெல்ல நெகிழ, ஷீலா மேசை மேல் கொஞ்சம் கண்ணயர்ந்தே போனாள். கஷ்டம் பயிற்சியில்தான் இருந்தது. இறுக்கச் சொன்னால் அவளுக்கு முகமும் சேர்ந்து இறுகியது. "புருவத்தால இறுக்காதீங்க ஆன்ட்டி, முகத்துக்கு இதுல வேலையே இல்ல," என்று நளினி தலையிலடித்துக்கொண்டாள். ஷீலா பஸ்ஸில் பழகினாள், டிக்கெட் வரிசையில் பழகினாள், கோப்போடு அதிகாரி முன்னால் நின்று பழகினாள். இந்த அம்மா மாதிரிக் கவனமாகக் கேட்கிற ஊழியர் இல்லை என்று அதிகாரி புகழ்ந்தாராம். சிரிப்பு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் இறுக்க வேண்டும் என்பதுதான் கடைசிப் பாடம். அதை அவள் லேசில் பிடித்துக்கொண்டாள். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

இதற்கிடையே, வாரத்தில் சில நாள் சாயங்காலம் எங்கே போகிறாள் என்று ஃபெர்ரி நச்சரிக்க, ஷீலா வாய்தவறி, "இடுப்பு வலி. சூடு வைக்கிறாங்க," என்று சொல்லிவிட்டாள். ஃபெர்ரியில் இடுப்பு வலி இல்லாதவர்கள் யார்? ஆளாளுக்கு விசாரித்தார்கள். அன்னம்மாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு தைல பாட்டிலை நீட்டினாள். பன்னீர்செல்வம் ஒன்றுமே கேட்கவில்லை. நேரே கிளம்பி வந்துவிட்டார்.

திரைக்கு உள்ளே ஷீலா தட்டின் மேல் படுத்திருக்கிறாள். வெளியே அவர் குரல் கேட்கிறது.

"பாப்பா, நம்ம ஷீலா தங்கச்சிக்கு வைக்கிற அதே சூட்டை எனக்கும் வச்சிரு. அதே மிஷினு, அதே இடம். கூடக் கொறைய வேணாம்."

நளினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கிள், உங்களுக்கு எங்க வலி?"

"அட, தங்கச்சிக்கு எங்கயோ அங்கதான்!"

அப்போது அவர் போன் அடித்தது. "ஹாங் ஜி! சிமென்ட் கப்பல்ல வந்துட்டே இருக்கு ஜி!"

ஷீலா சேலைத் தலைப்பை வாயில் திணித்தாள். நளினி திரைக்குள் தலையை நீட்டி, காதோடு காதாக, "சிரிங்க ஆன்ட்டி. பாத்துரலாம்," என்றாள். ஷீலா ஒரு மூச்சு முன்னால் இறுக்கினாள், பிறகு சிரித்தாள். ரெண்டு வருஷச் சிரிப்பு. மேசை ஆடியது. கீழே ஸ்டேஷனரிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"அது ஷீலா சிரிப்பாச்சே!" என்று வெளியே பன்னீர்செல்வம் கத்தினார்.

"படுத்துக்கிட்டு சிரிச்சது பாதி பாஸ்தான். நின்னு சிரிக்கணும்," என்று நளினி கண்டிப்பாகச் சொன்னாள். பன்னீர்செல்வத்தை வேறு அறைக்குக் கூட்டிப்போய் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்து அனுப்பினாள். அவர் மறுநாள் ஃபெர்ரியில் கப்பல் வந்த செய்தி மாதிரி அதை அறிவித்தார்: ஷீலா சிரிச்சிருச்சு!

ஜனவரி கடைசி நாள் வந்தது. அன்னம்மாள் அன்றும் கருநீலம்தான் கட்டியிருந்தாள், ஆனால் பட்டு. பெஞ்சின் நடுவில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஷீலாவைப் பார்க்காமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஃபெர்ரி கரையை விட்டு நகர்ந்ததும் ஷீலா எழுந்தாள். எதிரில் இருப்பது ஊரே, பக்கத்தில் பாத்ரூம் கிடையாது, தோள்பையில் இருப்பதோ திறக்க ரெண்டு கையும் வேண்டிய பாட்டில். முறையாக ஒரு தடவை இறுக்கி, விட்டு, மூச்சு வாங்கினாள்.

"ஏட்டி," என்றாள் ஷீலா, அன்னம்மாளின் குரலில்.

பெஞ்சு அப்போதே குலுங்கிவிட்டது. அப்புறம் நிற்கவில்லை. அன்னம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை, கோப்பில் ஒரு எழுத்து தப்பானதற்காக ஜூனியரை நிற்க வைத்து உரிப்பது, இந்தியில் பேசத் தொடங்கி கோபம் வந்ததும் திருநெல்வேலிக்கு ஓடிவிடுவது, "நான் கோவமா கேக்கல, சாதாரணமாத்தான் கேக்கேன்" என்று கத்துவது. ஷீலாவும் சிரித்தாள். ஒரு மூச்சு முன்னால், ஒரு மூச்சு முன்னால். சிரித்துக்கொண்டே கணக்குப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. நின்றுகொண்டுதான் சிரித்தாள். நளினி, பாஸ் போடு! அவளுக்குக் கடலில் குதித்து நீந்திப்போகலாம் போல இருந்தது.

அன்னம்மாளும் கண்ணீர் வரச் சிரித்தாள். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஷீலா கடைசி அயிட்டத்துக்கு வந்தாள்: அன்னம்மாள் சிரிக்கிற விதம். காலைக் குறுக்கே போட்டு, சாப்பாட்டுப் பையை மடியில் அழுத்தி, முன்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அதை அப்படியே உடம்பில் கொண்டுவந்தாள்.

கொண்டுவந்த உடனே அவளுக்குத் திக்கென்றது. இது சிரிப்பே இல்லை. இந்த இறுக்கம் அவளுக்குத் தெரியும். ரெண்டு வருஷம் இதே இறுக்கத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். காலைக் குறுக்கே போடுவது எதற்கு, குனிவது எதற்கு, இருட்டு நிறச் சேலை எதற்கு, கடைசியாக இறங்குவது எதற்கு, எல்லாம் ஒன்றாக விளங்கிவிட்டது. ஐயோ அக்கா!

அந்த அயிட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு பெரிய சல்யூட் அடித்து ஆட்டத்தை முடித்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் சாத்தம் வந்துவிட்டது. எல்லாரும் அன்னம்மாளிடம் கை கொடுத்துவிட்டு இறங்கினார்கள். "வாங்க மேடம், சால்வை காத்துட்டிருக்கு," என்று பன்னீர்செல்வம் கூப்பிட்டார்.

"கூட்டம் போட்டும்," என்றாள் அன்னம்மாள். சிரித்த முகம் அப்படியே உறைந்திருந்தது. எழுந்திருக்கவில்லை. பட்டுச் சேலை மேல் பையை இன்னும் அழுத்தினாள்.

ஷீலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோள்பையிலிருந்து ஸ்டீல் பாட்டிலை எடுத்தாள். பல்லைக் கடித்து ரெண்டு கையாலும் திருகினாள். சனியன் பிடித்த மூடி, லேசில் வருகிறதா? வந்ததும் அன்னம்மாளின் மடியில் சாய்த்து, தன் மடியிலும் கொஞ்சம் விட்டுக்கொண்டு, துறை முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "ஐயோ, மூடி கழண்டுருச்சே!"

"இன்னும் போகலியா அந்தப் பாட்டில் வியாதி!" என்று பன்னீர்செல்வம் சலித்துக்கொண்டு நடந்தார்.

அன்னம்மாள் மடியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு ஷீலாவைப் பார்த்தாள்.

"ஏட்டி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அப்போ அந்த ரெண்டு வருஷமும்..."

"ஆமாக்கா."

"இடுப்பு வலின்னியே?"

"இடுப்புதான்க்கா. கொஞ்சம் கீழ."

"அடிப்பாவி. தலைக்கனம்னு ஊர் பூரா ஒன்னத் திட்டுனேனே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீங்க சொன்னீங்களாக்கா?"

அன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மவன் பாலகுமார் பொறந்ததுல இருந்து," என்றாள். "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்னு இருந்துட்டேன்."

"அந்தப் பொண்ணு நல்லாப் பாப்பாக்கா. கப்பலுக்கு முன்னாடி போய் ஆரம்பிச்சிரலாம். மீதிக்கு மெயின்லாண்டுல ஆள் சொல்லுவா." ஷீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு. ஊக்கெல்லாம் வீட்லயே கழட்டி வச்சுட்டு வாங்க. என்னோடதை எண்ணி எடுக்கிறதுக்குள்ள அவ ட்யூட்டியே முடிஞ்சுபோச்சு."

அன்னம்மாளுக்கு மறுபடி குலுங்கியது. பையை அவசரமாக மடியில் அழுத்தி, காலைக் குறுக்கே போட்டு, "சிரிக்க வைக்காதட்டி, மூதேவி!" என்று சீறினாள்.

"நல்லா சிரிங்கக்கா," என்றாள் ஷீலா. "பாட்டில்ல இன்னும் தண்ணி இருக்கு."